நுழைவுத் தேர்வன்று, நுழையவிடாத் தேர்வு!

தமிழகத்தின் அரசு மருத்துவக் கல்லூரிகளைக் கட்டியது தமிழ்மக்களின் வரிப்பணம். அவற்றுக்கு நிலம் தந்தவை தமிழகத்தின் ஊர்கள். அவற்றின் மருத்துவமனைகளில் படுத்துக் கிடந்து, நோயின் இயல்பைத் தம் உடம்பினாலேயே மாணவர்க்குக் கற்றுக் கொடுப்போர் தமிழகத்தின் ஏழைகள். பேராசிரியர்க்கு ஊதியம் அளிப்பது தமிழக அரசு. இத்தனையும் நம்முடையனவாக இருக்க, வாயிலில் நின்று, 'நீ உள்ளே வா. நீ வெளியே போ' என்று சொல்லும் உரிமை மட்டும் தில்லியிடம் இருக்கின்றது. வீட்டைக் கட்டியவன் தெருவில் நிற்க, திறவுகோல் அயலான் இடுப்பில் தொங்குகின்ற இந்நிலைக்குப் பெயர்தான் 'நீட்' என்னும் நாடளாவிய தகுதி நுழைவுத் தேர்வு!

இக்கொடுமையின் முழு உருவத்தையும் காண விரும்புவோர் தில்லிக்குப் போக வேண்டுவதில்லை. சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லிக்கு முன்னாலுள்ள குமணன்சாவடியில் நின்று நாற்றிசையும் பார்த்தாற் போதும். கிழக்கே போரூரில் இராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி. வடகிழக்கே வேலப்பன்சாவடியில் ஏ.சி.எசு. மருத்துவக் கல்லூரி. மேற்கே நசரத்பேட்டையில் பனிமலர்; அதற்கும் அப்பால் தண்டலத்தில் சவீதா. தெற்கே மாங்காட்டைக் கடந்தால் சிக்கராயபுரத்தில் முத்துக்குமரன் மருத்துவக் கல்லூரி. ஒருமணி நேரப் பேருந்துச் செலவிற்குள் இத்தனை மருத்துவக் கல்லூரிகள்! அத்தனையும் தனியார்க்குரியவை. மாவட்டத்திற்கென்று அமைந்த அரசு மருத்துவக் கல்லூரியோ தொலைவில், திருவள்ளூரில், 2022-ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது.

இவ்வூர்ப் பக்கத்தில் வாழ்வோர் யாவர்? அம்பத்தூர், திருமழிசைத் தொழிற்பேட்டைகளிலும், ஆவடியின் படைத்துறைத் தொழிற்சாலைகளிலும், திருப்பெரும்புதூரின் ஊர்தித் தொழிற்சாலைகளிலும் உழைத்துப் பிழைப்போர், கட்டடம் கட்டுவோர், காய்கறி விற்போர், பூக்கட்டுவோர். இவர்தம் பிள்ளைகள் நாள்தோறும் அக்கல்லூரிகளின் மதில்களைக் கடந்துதான் தம் பள்ளிக்கூடங்களுக்குச் செல்கின்றனர். மதிலின் நிழல் அவர்கள்மேல் விழுகின்றது. வாயில் மட்டும் அவர்களுக்குத் திறப்பதில்லை.

ஏன் திறப்பதில்லை? 'தகுதி இல்லை' என்கின்றனர். அந்தத் தகுதியின் அளவு என்ன என்று பார்ப்போம். 2025-ஆம் ஆண்டுத் தேர்வில் பொதுப்பிரிவினர்க்குத் தகுதி மதிப்பெண் 720-க்கு 144. அஃதாவது ஐந்தில் ஒரு பங்கு! நூற்றுக்கு இருபது வாங்கியவன் தகுதியுடையவன் ஆகிவிட்டான். ஆனால் அம்மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிட்டாது. பணம் படைத்தோர்க்கே இயலும் தனியார் கல்லூரி இடங்களும், ஆண்டொன்றுக்கு இருபது இலக்கம் உருபாவுக்கு மேலும் கட்டணம் வாங்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் இடங்களுமே கிட்டும். எனவே, 144 மதிப்பெண் வாங்கிய செல்வன் மருத்துவன் ஆகின்றான். அவனைப் போல் மும்மடங்கு மதிப்பெண் வாங்கிய ஏழைப் பிள்ளையோ, அரசுக் கல்லூரியில் இடம் எட்டாமல், தனியார் கட்டணத்தையும் கட்ட முடியாமல், வீடு திரும்புகின்றது. இதற்குத் தகுதித் தேர்வு என்று பெயரிட்டவன் சொல்லின் பொருளையே கொன்றவன் ஆவான்.

முதுநிலை மருத்துவப் படிப்பிற்கான நீட் தேர்வில் 2023-ஆம் ஆண்டு நடந்ததை நினைவிற் கொள்க. இடங்கள் நிரம்பவில்லை என்பதற்காகத் தகுதி நிலையைச் சுழி விழுக்காட்டு நிலைக்கு இறக்கினர். தேர்வை எழுதினாலே போதும், தகுதி வந்துவிடும்! நிரம்பாமற் கிடந்த இடங்களுக்காகச் சுழிவரை வளைந்த இவர்களின் தகுதிக்கோல், ஏழைத் தமிழ்ப்பிள்ளையின் முன்னர் மட்டும் இரும்பாய் நிமிர்ந்து நிற்கின்றது.

குமணன் என்னும் பெயரைக் கேட்டவுடன் தமிழன் நெஞ்சில் தோன்றுவது யாது? தம்பியால் நாடிழந்து காட்டில் வாழ்ந்த காலத்தும், தன்னைத் தேடி வந்த பெருந்தலைச் சாத்தனார் என்னும் புலவர் வெறுங்கையராய்த் திரும்பலாகாது என்று, தன் தலையையே கொய்துகொள்ளுமாறு வாளை எடுத்து நீட்டிய வள்ளலன்றோ அவன்! தன் தலைக்கு விலை வைக்கப்பட்டிருப்பதை அறிந்து, அவ்விலை ஒரு புலவன் வீட்டு அடுப்பை மூட்டட்டும் என்று எண்ணியவன் அவன். கற்றார்க்குத் தலையையே கொடுத்தவன் பெயரைத் தாங்கிய ஊரைச் சுற்றி, இன்று கல்வி ஆண்டுக்கு இத்தனை இலக்கம் என்று விலைபேசப்படுகின்றது. இதனினும் இழிவு ஒன்று உண்டா?

தேர்வுக் கூடத்தில் தமிழ்

'தமிழிலும்தானே தேர்வு எழுதலாம்? பின்னர் ஏன் கூக்குரல்?' என்று கேட்போர் உளர். அவர்கள் அத்தேர்வு நடைபெறும் முறையை அறியாதவராதல் வேண்டும். அன்றி அறிந்தும் மறைப்பவராதல் வேண்டும்.

இப்பொழுதுள்ள முறைப்படி வினாக்கள் 180. அவற்றுக்குரிய நேரம் மூன்று மணி. அஃதாவது 180 நிமையம். வினாவுக்கு ஒரு நிமையம். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிக்கப்படும். தமிழில் எழுதும் பிள்ளைக்குத் தமிழும் ஆங்கிலமும் அமைந்த வினாத்தாளைக் கொடுக்கின்றனர். கொடுத்துவிட்டு ஒரு விதியையும் அதனோடு சேர்த்துக் கட்டியிருக்கின்றனர்: மொழிபெயர்ப்பில் ஐயம் எழுமாயின், ஆங்கிலத்தில் உள்ளதே முடிவானது!

இவ்விதியின் நஞ்சை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதுகின்றவன் வினாவை ஒருமுறை படித்தாற் போதும். தமிழில் எழுதுகின்றவனோ தமிழைப் படித்து, அது சரியாகப் பெயர்க்கப்பட்டதோ இல்லையோ என்று அஞ்சி, ஆங்கிலத்தையும் படித்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பின்னரே விடைக்கு வர வேண்டும். ஒருவனுக்கு ஒரு நிமையம். மற்றவனுக்கு அரை நிமையம். ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் காலில் மட்டும் கல்லைக் கட்டிவிட்டு, 'இருவர்க்கும் ஒரே தொலைவுதானே' என்பது போன்ற நடுநிலைமை இது! தமிழ் அங்கே தேர்வு மொழியன்று. ஆங்கிலத்தின் நிழலாகத் தரையில் இழுபட்டுச் செல்லும் ஒரு மொழிபெயர்ப்பு. முடிவு சொல்லும் உரிமை அற்ற மொழி எப்படித் தேர்வு மொழியாகும்?

அஞ்சுவது வெறும் அச்சமன்று. 2017-ஆம் ஆண்டுத் தேர்வில் ஆங்கிலத் தாளில் கேட்ட வினாக்கள் வேறாகவும், தமிழ் முதலிய மொழிகளின் தாள்களில் கேட்ட வினாக்கள் வேறாகவும் இருந்தன. நாடு முழுமைக்கும் ஒரே தேர்வு என்று முழங்கியவர்கள் வெவ்வேறு தாள்களைக் கொடுத்தனர்! 2018-ஆம் ஆண்டிலோ தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையாகப் பெயர்க்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. 180-இல் 49, நான்கில் ஒரு பங்கிற்கும் மேல்! சிறுத்தை என்னும் எளிய தமிழ்ச்சொல்லைக்கூட அறியாமல் 'சீத்தா' என்று அச்சிட்டுக் கொடுத்தனர். 'சீத்தா' என்றால் என்னவென்று எந்தத் தமிழ்ப்பிள்ளை அறியும்? சிறுத்தையை அறியாத பிள்ளை தோற்கவில்லை. தமிழை அறியாத தேர்வாளன் தோற்றான். ஆனால் மதிப்பெண் குறைந்தது பிள்ளைக்கு.

அவ்வழக்கில் சென்னை உயர்நயமன்றத்தின் மதுரைக் கிளை, 2018 சூலைத் திங்களில், வினாவுக்கு நான்காக 49 வினாக்களுக்கும் 196 மதிப்பெண்ணைத் தமிழில் எழுதியோர்க்கு அளிக்குமாறு தீர்ப்பளித்தது. அத்திங்களிலேயே உச்சநயமன்றம் அதற்குத் தடை விதித்தது. நவம்பரில் தீர்ப்பையே தள்ளுபடி செய்தது. பிழை செய்தவர்க்கு ஒறுப்பு இல்லை. பிழையால் வீழ்ந்தவர்க்கு ஈடும் இல்லை. அதே ஆண்டில்தான் தமிழகத்துப் பிள்ளைகள் பலரைக் கேரளத்திற்கும் இராசத்தானத்திற்கும் தேர்வு எழுதத் துரத்தினர். இருநூறு, முந்நூறு கல் அன்று. ஆயிரக் கணக்கான கல் தொலைவு!

விளைவு என்ன? நயவர் ஏ.கே. இராசன் தலைமையில் தமிழக அரசு 2021-இல் அமைத்த குழு அதனை எண்ணிக்கையோடு எடுத்துக் காட்டியது. நீட் வருவதற்கு முன்னர் அரசு மருத்துவக் கல்லூரிகளில் தமிழ்வழி படித்து நுழைந்தோர் நூற்றுக்குப் பதினான்கு, பதினைந்து பேர் அளவில் இருந்தனர். நீட் வந்த பின்னர் அவ்வெண்ணிக்கை நூற்றுக்கு இரண்டு, மூன்று பேர் என்னும் அளவிற்கு வீழ்ந்தது. முதல் முயற்சியிலேயே தேர்ந்து வருவோர் தொகையும் சுருங்கியது. 2016-17-இல் மீண்டும் முயன்று இடம்பெற்றோர் நூற்றுக்குப் பன்னிருவர் அளவினர், 2020-21-இலோ எழுபத்தொருவர்! அஃதாவது, ஓராண்டோ ஈராண்டோ வேலையின்றி வீட்டிலிருந்து, இலக்கக் கணக்கில் பணங்கட்டித் தனிப்பயிற்சி பெறக் கூடியவர்க்கே மருத்துவம் என்று ஆகிவிட்டது. பன்னீராண்டுப் பள்ளிக் கல்விக்கு மதிப்பில்லை. பயிற்சிக் கடைக்கே மதிப்பு. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் ஒரு தொழிலாளி தன் ஆண்டு வருமானம் முழுமையும் கொட்டினாலும் அக்கடையில் ஓராண்டு விலைக்குப் போதுமா?

உரிமை பறிபோன வழி

கல்வி, இந்திய அரசியலமைப்பில் முதலில் மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ஆம் ஆண்டின் 42-ஆம் சட்டத்திருத்தம் அதனைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றிற்று. தலைவர்கள் சிறையிலிருந்தனர், செய்தித்தாள்களின் வாய் கட்டப்பட்டிருந்தது, தமிழகத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசும் அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே கலைக்கப்பட்டிருந்தது. வீட்டார் கட்டுண்டு கிடந்தபொழுது நடந்த களவு அது. நெருக்கடி நிலை போயிற்று. களவு போன பொருள் மட்டும் திரும்பவில்லை.

நீட் என்னும் விதை 2010-இல் இந்திய மருத்துவ மன்றத்தின் அறிவிப்பாக ஊன்றப்பட்டது. 2013-இல் முதற்றேர்வு நடந்தது. அவ்வாண்டு சூலையிலேயே உச்சநயமன்றம் அது செல்லாது என்றது. ஆயின் 2016 ஏப்பிரலில் அத்தீர்ப்பை அந்நயமன்றமே திரும்பப் பெற்றுக் கொண்டது. தமிழகம் ஓராண்டு விலக்குப் பெற்றது. 2017 பிப்ருவரியில் சட்டமன்றம் இரண்டு முன்வரைவுகளை நிறைவேற்றித் தில்லிக்கு அனுப்பிற்று, ஒப்புதல் மறுக்கப்பட்டது. 2021 செபுதம்பரில் மீண்டும் ஒரு முன்வரைவு, ஆளுநர் ஆர்.என். இரவி அதனை மாதக் கணக்கில் வைத்திருந்து திருப்பி அனுப்பினார். 2022 பிப்ருவரி 8-ஆம் நாள் சட்டமன்றம் அதனை மறுபடியும் நிறைவேற்றிற்று. மூன்றாண்டுகள் கழித்து, குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டார் என்னும் செய்தி 2025 ஏப்பிரல் 4-ஆம் நாள் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. ஏழரைக் கோடி மக்களின் மன்றம் மீண்டும் மீண்டும் சொன்ன ஒன்றை, ஒரு கையெழுத்து இன்மை வென்றுவிட்டது. இதற்குத்தான் கூட்டாட்சி என்று பெயர் சொல்கின்றனர்!

இவ்வரலாற்றின் நடுவில் அரியலூர் மாவட்டத்துக் குழுமூரின் அனிதா நிற்கின்றாள். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176. பழைய முறைப்படி அவள் மருத்துவ மாணவி. உச்சநயமன்றம் வரை சென்று முறையிட்டாள். 2017 செபுதம்பர் முதல் நாள் அவள் உயிர் போயிற்று. இன்று அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் அரங்கத்திற்கு அவள் பெயர் சூட்டப்பட்டிருக்கின்றது. உயிரோடிருந்தபொழுது நுழையவிடாத கல்விக்கூடத்தில், உயிர்போன பின் பெயர் மட்டும் நுழைந்தது!

ஒன்றை இவ்விடத்து அழுத்தமாகச் சொல்வோம். தமிழ்ப் பிள்ளைகளே, உங்கள் உயிர் ஒரு வினாத்தாளினும் பெரிது. எல்லாக் கல்லூரிகளினும் பெரிது. சாவு போராட்டமன்று, அது பகைவனுக்கு நாம் தரும் விடுப்பு. நீங்கள் வாழ்ந்து, கேள்வி கேட்டு நிற்பதுதான் இவர்களுக்கு அச்சம். பெற்றோரும் மதிப்பெண் கேட்பதற்கு முன்னர்ப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்வார்களாக.

எதிர்ப்போர் கூற்றுகள்

'தமிழகத்திலேயே முன்னர் நுழைவுத் தேர்வு இருந்ததே' என்பர். இருந்தது, மறுக்கவில்லை. ம.கோ. இராமச்சந்திரன் ஆட்சியில் 1984-இல் தொடங்கி, இருபதாண்டுகளுக்கு மேல் இருந்தது. பட்டறிந்துதான் அதனைத் தூக்கி எறிந்தோம். நகரத்துப் பயிற்சிக் கூடங்கள் கொழுத்தன. சிற்றூர்ப் பிள்ளைகள் மெலிந்தனர். அனந்தகிருட்டிணன் குழு ஆராய்ந்து சொன்னபின், 2006-இல் சட்டம் இயற்றி, 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்று அதனை நீக்கினோம். வெவ்வேறு கல்வி வாரியங்களின் மதிப்பெண்களை நிகர்ப்படுத்தும் முறையும் அச்சட்டத்திலேயே இருந்தது. நோய் என்று கண்டு நாம் வெட்டி எறிந்த ஒன்றை, மருந்து என்று சொல்லித் தில்லி நம் வாயில் ஊற்றுகின்றது.

'நீட் வந்தால் முறைகேடு ஒழியும்' என்றனர். 2019-இல் தேனியில் ஆள்மாறாட்டம் வெளிவந்தது. 2024-இல் பாட்னாவிலும் அசாரிபாகிலும் வினாத்தாள் கசிந்தமை உச்சநயமன்றத்திலேயே உறுதிப்பட்டது. 1563 பேர்க்குக் கொடுத்த அருள் மதிப்பெண்ணைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஒரே கிணற்றில் நாட்டார் அனைவரும் குடிக்க வேண்டும் என்று கட்டளையிட்டவர்கள், அதில் ஒருவன் நஞ்சு கலந்தால் நாடு முழுதும் சாகும் என்பதை எண்ணவில்லை.

'அரசுப் பள்ளிப் பிள்ளைகட்கு 7.5 விழுக்காடு கொடுத்தாயிற்றே' என்பர். 2020-இல் வந்த அவ்வேற்பாட்டால் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் ஆண்டுதோறும் மருத்துவராகின்றனர், அது நல்லது, காக்கப்பட வேண்டியது. ஆயினும் அதற்கும் நீட்டில் தகுதி பெற்றாக வேண்டும். காலை வெட்டியவன் கையில் ஒரு கோல் கொடுத்தால், கோலுக்கு நன்றி சொல்லலாம், வெட்டியதை மறக்கலாமா?

நம் வீட்டில் எழுதிய விதி

தில்லியைச் சாடுவது எளிது. இனித் தமிழர் கேட்க விரும்பாத ஒன்றைச் சொல்வோம். 'ஆங்கிலமே முடிவானது' என்னும் விதியைத் தில்லி வினாத்தாளில் எழுதுவதற்கு முன்னரே, நாம் நம் வீட்டு வாயிலில் எழுதி வைத்துவிட்டோம். நீட்டை எதிர்த்து ஊர்வலம் போகின்ற தமிழன் எத்தனை பேர் தம் பிள்ளையைத் தமிழ்வழியில் படிக்க வைக்கின்றனர்? கட்சிகள் மாறி மாறி ஆண்டன. எந்தக் கட்சியேனும் தமிழக மருத்துவக் கல்லூரி ஒன்றில் தமிழைப் பயிற்றுமொழி ஆக்கியதா? தமிழில் தேர்வெழுதி, கல்லைக் கட்டிய காலோடு ஓடி, எப்படியோ உள்ளே நுழைந்துவிட்ட அந்த நூற்றுக்கு இரண்டு பேர்க்கும், முதல் நாளே தமிழ் வெளியே நிறுத்தப்படுகின்றது. பொறியியலில் 2010-இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் தொடங்கினோம். அவ்விளங்கன்றுக்கும் போதிய நீர் ஊற்றவில்லை.

'மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க முடியுமா?' என்று கேட்பவன் தன் வரலாற்றை அறியாதவன். அமெரிக்கரான கிறீன் என்னும் மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார், தமிழைக் கற்றார், 1860-களில் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு, வேதியல் ஆகிய துறைகளில் ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழில் ஆக்கினார். அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கினார். மின்விளக்கு இல்லாத காலத்தில் ஓர் அயல்நாட்டார் செய்ததை, இத்தனை பல்கலைக்கழகங்களை வைத்துக்கொண்டு நாம் செய்ய முடியவில்லை என்றால், குறை தமிழிலா, தமிழனிலா? 2022 அக்தோபரில் போபாலில் இந்தியில் மருத்துவ நூல்களை நடுவண் உள்துறை அமைச்சரே வெளியிட்டார். ஆங்கிலச் சொற்களை அப்படியே நாகரி எழுத்தில் பெயர்த்து எழுதியவை அவற்றிற் பல. சொல்லே இல்லாதவன் துணிந்து தொடங்கினான். சொல்வளம் கொழிக்கும் மொழிக்குரியவன் கைகட்டி நிற்கின்றான்!

எனவே செய்ய வேண்டுவன இவை:

1. கல்வி மீண்டும் மாநிலப் பட்டியலுக்கு வரல் வேண்டும். இது வரும்வரை நீட்டினின்று முழு விலக்குக் கேட்கும் போராட்டம் ஓயலாகாது. தேர்தல் நேரத்தில் மட்டும் எடுத்துப் பிடிக்கும் கொடியன்று இது.

2. நீட் இருக்கும்வரை, தமிழ்த்தாளைத் தமிழறிந்த துறையறிஞரே ஆக்க வேண்டும். தமிழில் எழுதுவோர்க்குத் தமிழில் உள்ளதே முடிவானது என்று விதி மாற வேண்டும். பிழை வினாவுக்கு முழு மதிப்பெண் அளிக்கப்பட வேண்டும்.

3. தமிழக மருத்துவப் பல்கலைக்கழகம் தமிழ்வழி மருத்துவப் படிப்பை ஒரு கல்லூரியிலேனும் உடனே தொடங்க வேண்டும். அதற்கான நூல்களை அரசு தன் செலவில் ஆக்க வேண்டும்.

4. நாம் செய்ய வேண்டுவது: ஊர்தோறும் ஒரு படிப்பகம். குமணன்சாவடி, மாங்காடு, காட்டுப்பாக்கம், ஆவடி என எங்கெல்லாம் நம் அன்பர்கள் உள்ளனரோ, அங்கெல்லாம் மாலையில் இரண்டு மணி நேரம், விலையின்றி, தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இயற்பியலும் வேதியலும் உயிரியலும் கற்பிக்கப்பட வேண்டும். கற்றறிந்தோர் கற்பியுங்கள்; இடமுள்ளோர் இடம் கொடுங்கள்; பொருளுள்ளோர் நூல் வாங்கித் தாருங்கள். தேர்வை எதிர்ப்பதற்காகத் தேர்வெழுதும் பிள்ளையைக் கைவிடலாகாது. இரண்டையும் ஒருங்கே செய்யும் வலிமை நமக்கு வேண்டும்.

தமிழர்களே! உரிமை என்பது விண்ணப்பத்திற்கு விடையாக வருவதன்று. சட்டமன்றத்தின் முன்வரைவுகள் திரும்பி வந்த பாதையைப் பார்த்த பின்னும் விண்ணப்பத்தையே நம்புவோமாயின், நம்மைப் போல் பேதையர் இலர். உங்கள் வீட்டுப் பிள்ளையைத் தமிழ்வழிப் பள்ளியில் சேருங்கள். உங்கள் தெருப்பிள்ளைக்குக் கற்பியுங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினரைத் தெருவில் மறித்துக் கேளுங்கள். நம் கல்லூரியின் திறவுகோல் நம் கைக்கு வரும்வரை, கேட்டுக்கொண்டே இருங்கள்!